"அனைவரும் வருக" என்று எழுதினோம், யார் வந்தார்கள்?

ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் நம் கைப்பேசிக்கு ஓய்வே கிடையாது. தமிழ்மொழி விழா மாதம். காலையில் எழுந்து வாட்ஸ்அப்பைத் திறந்தால் நாலு போஸ்டர், பள்ளி இடைவேளையில் மூன்று, இரவு படுக்கப் போகும் முன் இன்னும் இரண்டு. எல்லாவற்றையும் நாம் படிக்கிறோமா? நான் படிப்பதில்லை. கட்டைவிரலால் தள்ளிவிட்டு, "வாழ்த்துகள்" என்று ஒரு சொல்லோ, கைகூப்பும் படமோ போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறேன். நீங்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். தப்பா சொல்லியிருந்தா மன்னிச்சிடுங்க.

இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், அந்தப் போஸ்டர்களில் சிலவற்றைச் செய்தவளே நான்தான். பள்ளிக்கு வெளியே இயங்கும் ஒரு சிறிய வாசிப்பு வட்டத்தின் சமூக ஊடகப் பக்கத்தை மூன்று ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை, பதின்ம வயதுப் பிள்ளைகளும் சில பெற்றோரும் சேர்ந்து ஒரு சிறுகதையைப் படித்துப் பேசுவார்கள். அவ்வளவுதான் வட்டம். சம்பளம் வாங்கும் ஆள் ஒருவர்கூட இல்லை. சென்ற ஆண்டு ஒரு கூட்டத்துக்கான பதிவுக்கு நாற்பதுக்கு மேல் விருப்பக்குறிகள் விழுந்தன. அன்று வந்தவர்கள் ஏழு பேர். அதில் மூவர் ஏற்பாட்டாளர்கள். கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் வட்டத்தின் மூத்தவர் ஒருவர், "ஏம்மா, இந்த வருசத்தோட நிறுத்திக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அந்தக் கேள்வியோடு ஒரு விடுமுறை வாரத்தில் எங்கள் பக்கத்தின் பதிவுகளை எல்லாம், மாணவர் கட்டுரையைத் திருத்துவது போல, முதலிலிருந்து உட்கார்ந்து படித்தேன். வேறு சில சிறு தமிழ் அமைப்புகளின் பக்கங்களையும் பார்த்தேன். யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் பயனில்லை, எல்லாம் ஒன்று போலவே இருந்தன. கவிதையையும் சிறுகதையையும் திறனாய்வு செய்யும் நாம், நம் மாணவர்கள் கண்ணில் அன்றாடம் படும் இந்த எழுத்தைத் திறனாய்வு செய்வதில்லை. இந்தக் கட்டுரை அதற்கான ஒரு முயற்சி. பெரும்பாலும் என் எழுத்தின்மீதான திறனாய்வு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வரியில் யார் இருக்கிறார்கள்?

நான் எழுதிய ஒரு பதிவின் தொடக்கம் இது: "வணக்கம். தமிழ்மொழி விழாவை முன்னிட்டு, எங்கள் வாசிப்பு வட்டம் பெருமையுடன் வழங்கும் மாபெரும் சிறுகதைக் கலந்துரையாடல் நிகழ்ச்சிக்கு உங்கள் அனைவரையும் அன்புடன் அழைக்கிறோம்."

இலக்கணப் பிழை ஏதும் இல்லை. தேர்வில் எழுதியிருந்தால் மதிப்பெண் கொடுத்திருப்பேன். ஆனால் இந்த வாக்கியத்தில் என்ன கதை, அதில் என்ன விசேஷம், வந்தால் நான் என்ன செய்வேன் என்று படிப்பவருக்கு ஒரு சொல்கூட இல்லை. வட்டம் இருக்கிறது, விழா இருக்கிறது, பெருமை இருக்கிறது. படிப்பவர் "அனைவரையும்" என்ற ஒரு சொல்லுக்குள் போய்விட்டார். பத்துப் பேர் வரும் கூட்டத்துக்கு "மாபெரும்" எதற்கு என்ற கேள்வி வேறு.

இதில் ஒரு தொழில்நுட்பக் காரணமும் சேர்ந்துகொள்கிறது. இன்ஸ்டகிராமில் ஒரு பதிவின் கீழ் 2,200 குறிகள்வரை எழுதலாம். ஆனால் ஓடும் திரையில் முதல் ஓரிரு வரி மட்டுமே தெரியும்; மீதியைப் படிக்க ஒருமுறை தட்ட வேண்டும். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்த இடம் இன்னும் குறுகலானது. கணினி நம் எழுத்துகளை நாம் எண்ணுவது போல எண்ணுவதில்லை. யூனிகோட் முறையில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியாகச் சேமிக்கப்படுகின்றன. "கொண்டாட்டம்" என்பது நமக்கு 6 எழுத்து. கணினிக்கு அது 11 குறி. திரையிலும் தமிழ்ச் சொற்கள் அகலமானவை. ஆக, "வணக்கம்" தொடங்கி "முன்னிட்டு" வருவதற்குள் கண்ணில் தெரியும் இடம் முடிந்துவிடுகிறது. நிகழ்ச்சி எதைப் பற்றியது என்பதே மறைந்து கிடக்கும் பகுதியில்தான் இருக்கிறது. தட்டிப் பார்க்கக் காரணம் எதையும் நாம் கொடுக்கவில்லையே, அவர் ஏன் தட்டுவார்?

அதே கூட்டத்துக்கு இப்படித் தொடங்கியிருக்கலாம்: "மகன் வெளியூர் போகிறான். அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. கோபமா, பாசமா? இந்தச் சனிக்கிழமை சண்டை போடலாம், வாங்க." பெரிய எழுத்துத் திறமை ஒன்றும் இதில் இல்லை. கதையிலிருந்து ஒரு முடிச்சு முன்னால் வந்திருக்கிறது. வட்டத்தின் பெயர் பின்னால் போயிருக்கிறது. படிப்பவருக்குள் ஒரு பதில் தோன்றுகிறது. பதில் தோன்றிய பிறகு நாளும் இடமும் சொன்னால் போதும்.

படத்துக்குள் அடைபட்ட தமிழ்

அடுத்தது போஸ்டர். சிறப்பு விருந்தினர் படம் பெரிதாக, அமைப்பின் சின்னம் மேலே, ஆதரவாளர் சின்னங்கள் கீழே வரிசையாக, நடுவில் குத்துவிளக்கு அல்லது ஓலைச்சுவடி. அறையில் என்ன நடக்கும் என்று காட்டும் படம் ஒன்றுகூட இராது. நம் பிள்ளைகளுக்கு ஓலைச்சுவடியோடு என்ன உறவு? அவர்கள் கையில் இருப்பது கைப்பேசியும் பபுள் டீயும். ஓலைச்சுவடி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தமிழ் என்றாலே பழையது, விழா மேடையில் இருப்பது என்று ஒவ்வொரு போஸ்டரிலும் நாமே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று, தகவல் முழுவதும் படத்துக்குள்ளேயே இருப்பது. படத்துக்குள் இருக்கும் எழுத்தை எளிதில் வெட்டி ஒட்ட முடியாது. முகவரியை வரைபடத்தில் எளிதில் தேட முடியாது. பார்வைக் குறைபாடு உள்ளவர் திரைவாசிப்பு மென்பொருளைப் பயன்படுத்தினால், மாற்று உரை எதுவும் நாம் எழுதித் தராத படம் அவருக்கு வெறும் படம்தான். ஒத்துவராத எழுத்துருவால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும் போஸ்டர்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. "தமிழை நேசிப்போம், தமிழில் பேசுவோம்" என்ற முழக்கத்துக்குக் கீழேயே அப்படி ஒரு கொம்பு தனியாக நின்றால் மாணவர்கள் கண்டுபிடித்துச் சிரிக்கிறார்கள். சிரிப்பதில் நியாயம் இருக்கிறது.

"இனிதே நடந்தேறியது"

நிகழ்ச்சி முடிந்தபின் போடும் பதிவு இன்னும் மோசம். "நிகழ்ச்சி இனிதே நடந்தேறியது. கலந்துகொண்ட அனைவருக்கும் நன்றி." கூடவே எல்லோரும் வரிசையாக நிற்கும் ஒரு குழுப்படம். எங்கள் பக்கத்தில் பாதிக்கு மேற்பட்ட பதிவுகள் இந்த வகைதான்.

வந்தவர் தன் முகத்தைத் தேடுவார். வராதவருக்கு அதில் என்ன இருக்கிறது? உள்ளே என்ன பேசினார்கள், யார் எதற்குச் சிரித்தார்கள், எந்த இடத்தில் கருத்து மோதியது, எதுவும் இல்லை. ஒருமுறை எங்கள் கூட்டத்தில் ஓர் உயர்நிலை இரண்டு மாணவி, "இந்தக் கதையில அப்பாவுக்கு மட்டும் பேரே வைக்கல, கவனிச்சீங்களா?" என்று கேட்டாள். பெரியவர்கள் நாங்கள் நான்கு பேரும் வாயடைத்துப் போனோம். அந்த ஒரு வரியைப் பதிவாகப் போட்டிருந்தால் அதைப் படித்த யாராவது கதையைத் தேடிப் படித்திருப்பார்கள். நான் போட்டது குழுப்படம். அந்த மாணவி அதில் பின்வரிசையில் பாதி மறைந்து நிற்கிறாள்.

இந்த வகைப் பதிவு யாருக்காக எழுதப்படுகிறது என்று யோசித்தால் விடை கொஞ்சம் கசப்பானது. ஆண்டறிக்கைக்காகவும் ஆதரவாளருக்கு நாம் கொடுக்க வேண்டிய கணக்குக்காகவும் எழுதுகிறோம். அந்தத் தேவை நியாயமானது. சிறு அமைப்புகளுக்கு அது இல்லாமல் ஓடாது. ஆனால் அறிக்கையை அறிக்கையாகவே அனுப்பிவிடலாம். அதை மக்கள் முன் வைத்துவிட்டு, "யாரும் ஈடுபாடு காட்ட மாட்டேங்கிறாங்க" என்று வருத்தப்படுவது சரியில்லை.

அறிவுரைகளின் குறை

இதையெல்லாம் சரிசெய்ய வழி தேடினால் அறிவுரைகளுக்குப் பஞ்சமே இல்லை. தினமும் பதிவிடு. புதுப்பாட்டுக்குக் காணொளி எடு. மூன்று நண்பர்களை டேக் செய்தால் பரிசு என்று போட்டி வை. காசு கட்டிப் பதிவை முன்னே தள்ளு. இவற்றில் பெரும்பாலானவை கடைகளுக்காகச் சொல்லப்பட்டவை. ஆயிரம் பேர் பார்த்தால் பத்துப் பேர் வாங்குவார்கள் என்ற கணக்கு கடைக்குப் பொருந்தும். முப்பது பேர் போதும் என்றிருக்கும் வாசிப்பு வட்டத்துக்கு அந்தக் கணக்கு எதற்கு?

தினமும் பதிவிடுவதையே எடுத்துக்கொள்வோம். மாதம் ஒரு கூட்டம் நடத்தும் அமைப்பிடம் தினமும் சொல்ல என்ன இருக்கிறது? நானும் ஆறு வாரம் முயன்றேன். ஒரு நாள் பொன்மொழி, ஒரு நாள் மரபுத்தொடர், ஒரு நாள் பழமொழி என்று போட்டேன். குறிப்பேடு திருத்தும் நேரம் போனது. வந்த பலன், எங்கள் பதிவைப் பார்த்ததும் தள்ளிவிடும் பழக்கத்தை மக்களுக்குக் கற்றுக்கொடுத்ததுதான்.

டேக் செய்யும் போட்டிகளையும் பார்ப்போம். "பிடித்திருந்தால் லைக் போடு, மூன்று பேரை டேக் செய்" என்று கெஞ்சும் பதிவுகளைப் பின்னுக்குத் தள்ளப்போவதாக ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. அடுத்த மாதம், 2018 ஜனவரியில், அமைப்புகளின் பொதுப்பதிவுகளைவிட நண்பர், குடும்பத்தார் பதிவுகளுக்கும், மக்கள் ஒருவரோடொருவர் உரையாடும் பதிவுகளுக்கும் முன்னுரிமை தருவதாகச் சொன்னது. அந்த நிறுவனத்தின் உள்நோக்கத்தைப் பற்றி ஆயிரம் சொல்லலாம். ஆனால் அதன் விளைவு நமக்கு முக்கியம்: ஒருவழி அறிவிப்பு மட்டும் செய்யும் பக்கம், தன்னைப் பின்தொடர்கிறவர்களுக்கே சரியாகப் போய்ச் சேர்வதில்லை. பத்துப் பேர் உண்மையாகப் பேசிக்கொள்ளும் பதிவுக்கு வாய்ப்பு அதிகம். சிறு அமைப்பிடம் பணம் இல்லை, ஆள் இல்லை. ஆனால் ஒருவரையொருவர் தெரிந்த பத்துப் பேர் இருக்கிறார்கள். கடைகளிடம் இல்லாத முதல் அது. அதைத்தான் நாம் பயன்படுத்துவதே இல்லை.

ஆசிரியர்களான நம்மிடம் இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. வகுப்பில் நின்று, "எல்லாரும் போய் நம்ம பக்கத்துக்கு லைக் போடுங்க" என்போம். நானும் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் கீழ்ப்படிவார்கள், எண்ணிக்கை ஏறும். அந்த எண்ணிக்கை வீட்டுப்பாடம் கொடுத்ததற்கான சான்று, ஈடுபாட்டுக்கான சான்று ஆகாது. இன்ஸ்டகிராமில் கணக்கு வைக்கக் குறைந்த வயது 13 என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். உயர்நிலை ஒன்றில் பலர் அந்த வயதைத் தொட்டிருக்க மாட்டார்கள். அவர்களை நாமே உள்ளே தள்ளக் கூடாது.

என் சிவப்பு மை

இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கும் பகுதிக்கு வருகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், எங்கள் பக்கத்தில் ஒரு சிறுகதையின் சுருக்கத்தைப் போட்டிருந்தோம். அதன் கீழே ஒரு மாணவன் தமிழ் எழுத்தில், தானாகவே, யாரும் சொல்லாமல், ஒரு கருத்து எழுதினான்: "கதை சூப்பர். ஆனா முடிவு புடிக்கள." அதுவரை எங்கள் பக்கத்தில் பதின்ம வயதினர் எழுதியதெல்லாம் ஆங்கிலம், அல்லது ஆங்கில எழுத்தில் தமிழ். முதன்முதலாக ஒரு பையன் விசைப்பலகையை மாற்றி, தேடித் தேடித் தட்டியிருக்கிறான்.

பக்கத்தின் பெயரில் நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? "நன்றி. 'பிடிக்கவில்லை' என எழுதுவதே சரி. லகர, ளகர வேறுபாட்டைக் கவனிக்கவும்."

பிழை திருத்தியதில் எனக்கு அன்று திருப்தியாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அந்தக் கருத்து அங்கே இல்லை. அவன் அழித்துவிட்டான். என் பதிலும் கூடவே போய்விட்டது. பிறகு அவன் எங்கள் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை, கூட்டத்துக்கும் வரவில்லை. பல மாதம் கழித்து அவனை வேறொரு நிகழ்ச்சியில் பார்த்தபோது கேட்டேன். தயங்கிவிட்டு, "அது ஹோம்வொர்க் மாதிரி ஆயிடுச்சு, டீச்சர்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

அவன் ஒரு கதையின் முடிவு பிடிக்கவில்லை என்று சொன்னான். வாசிப்பு வட்டத்துக்கு அதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்? "ஏன் பிடிக்கல?" என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. என் கண்ணுக்கு ளகரம்தான் தெரிந்தது. அதுவும் "புடிக்கல" என்பது பிழையே அல்ல; நாம் வீட்டில் பேசும் தமிழ். 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் கொடுத்து, நாமே அதைக் கற்பிக்கிறோம். வகுப்பில் பேச்சுத்தமிழை ஊக்குவித்துவிட்டு, வெளியே ஒரு பையன் அதை எழுதியதும் நான் அடித்துவிட்டேன்.

"அப்போ பிழையோடேயே எழுத விட்டுடலாமா?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தமிழாசிரியர் பக்கத்திலேயே பிழை கிடந்தால் மற்றவர் என்ன நினைப்பார் என்ற அச்சமும் நியாயமானது. ஆசிரியர் பயிற்சியில் நாம் எல்லோரும் படித்த ஒன்று இருக்கிறது: மாணவர் தவறாகச் சொன்னதைச் சுட்டிக்காட்டாமல், சரியான வடிவத்தை நம் பதிலுக்குள் வைத்துத் திருப்பிச் சொல்வது. வாய்மொழிப் பயிற்சியில் தினமும் செய்கிறோம். அதையே இங்கேயும் செய்யலாம். "முடிவு ஏன் பிடிக்கல? நீங்க எழுதியிருந்தா எப்படி முடிச்சிருப்பீங்க?" லகரம் சரியாகப் போய்ச் சேர்ந்துவிடும். கூடவே ஒரு கேள்வியும் போகும். பையன் பதில் எழுதக்கூடும். எழுதினால் இன்னும் இரண்டு வரி தமிழ்.

இந்த இரண்டு வரிக்கு ஏன் இவ்வளவு கவலை என்றால், நம் கையில் இருப்பது குறைந்துகொண்டே வருகிறது. சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன இந்தியர்கள் 2010இல் 36.7 விழுக்காடு, 2020இல் 29.2 விழுக்காடு. ஆங்கிலம் என்றவர்கள் அதே பத்தாண்டில் 41.6இலிருந்து 59.2 விழுக்காட்டுக்கு ஏறிவிட்டார்கள். வீட்டில் தமிழ் கேட்காத பிள்ளைக்கு, பாடநேரத்துக்கு வெளியே தமிழில் தன் கருத்தைச் சொல்ல எத்தனை இடம் இருக்கிறது? எங்கள் பக்கம் அப்படி ஓர் இடமாக இருந்திருக்கலாம். அதைத் தேர்வுத்தாள் ஆக்கியது நான்.

நமக்குத் தெரியாத வித்தையா?

வாசகரை ஈடுபட வைப்பது ஏதோ புதிய இணையக் கலை என்று நினைக்க வேண்டியதில்லை. 1935இல் தொடங்கிய தமிழ் முரசை வளர்த்த தமிழவேள் கோ. சாரங்கபாணி, 1950களில் அந்தப் பத்திரிகையில் "மாணவர் மணிமன்ற மலர்" என்று பிள்ளைகளுக்கு ஒரு பகுதி கொடுத்தார். பிள்ளைகளே எழுதினார்கள். தம் பெயர் அச்சில் வந்ததைப் பார்த்தவர்கள் மறுபடி எழுதினார்கள். பின்னாளில் இந்த வட்டாரத்தில் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் அறியப்பட்ட பலர் அங்கே தொடங்கியவர்கள்தான். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறைக்காக அதே காலத்தில் அவர் நடத்திய "தமிழ் எங்கள் உயிர்" நிதித் திரட்டிலும் செல்வந்தர்களை மட்டும் நம்பவில்லை. சாதாரணத் தொழிலாளிகளும் தங்களால் ஆனதைக் கொடுத்தார்கள்.

பழைய பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த மலரையும் இன்று நாம் போடும் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலர், படிப்பவரிடம் "நீ எழுது" என்றது. நம் பதிவு, "நாங்கள் செய்ததைப் பார்" என்கிறது. அன்று கடிதம் எழுதி, தபால்தலை ஒட்டி, அச்சில் வரும்வரை காத்திருக்க வேண்டும். இன்று இரண்டு நொடியில் பதில் வரும் கருவி நம் கையில் இருக்கிறது. அந்தக் கருவியில் நாம் அறிவிப்புப் பலகை நடத்துகிறோம்.

பத்திரிகை வைப்பது

நம் வீடுகளில் கல்யாணப் பத்திரிகை பற்றி ஒரு பேச்சு உண்டு. "தபால்ல போட்டுட்டாங்க, நேர்ல வந்து கூப்பிடல" என்று ஓர் அத்தை சொன்னால் அவர் வர மாட்டார், அல்லது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவார். தட்டில் வெற்றிலை, குங்குமம் வைத்து நேரில் போய்க் கொடுத்தால், கால்வலி உள்ள பாட்டியும் டாக்சி பிடித்து வந்துவிடுவார். பத்திரிகையில் அச்சடித்த செய்தி இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

சமூக ஊடகப் பதிவு, தபாலில் போட்ட பத்திரிகை. அது வேண்டும், அதை மட்டும் நம்பக் கூடாது. வாட்ஸ்அப் சேனல் வசதி 2023இல் வந்தபோது முதலில் கிடைத்த நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. நாங்களும் ஆவலோடு யோசித்தோம். ஆனால் அப்போது அது ஒருவழிப் பாதையாக இருந்தது. நாம் பேசலாம், எதிரே இருப்பவர் ஒரு முகபாவக்குறிக்கு மேல் பேச முடியவில்லை. எங்களுக்குத் தேவைப்பட்டது அதற்கு நேர்மாறானது. இப்போது கூட்டத்துக்கு ஒரு வாரம் முன் எங்களில் மூவர், ஆளுக்கு ஐந்து பேருக்குத் தனிச்செய்தி அனுப்புகிறோம். எல்லோருக்கும் ஒரே செய்தியை வெட்டி ஒட்டுவதில்லை. "போன தடவை அந்த அப்பா பாத்திரத்தைப் பத்திக் கேட்டியே, இந்தக் கதையிலயும் ஒருத்தர் இருக்கார், வா" என்று அவரவருக்கு ஏற்ப எழுதுகிறோம். மாணவர் என்றால் பெற்றோர் வழியாகவே அனுப்புகிறோம். அரைமணி நேர வேலை.

பக்கத்திலும் சிலவற்றை மாற்றினோம். வாரம் ஒரு பதிவு போதும் என்று முடிவு செய்தோம். அறிவிப்பு ஒன்று என்றால் கேள்வி இரண்டு. கேள்வியும் பதில் தெரிந்தவர் மட்டும் கைதூக்கும் புதிர்க்கேள்வியாக இருக்கக் கூடாது. யாரிடமும் ஒரு பதில் இருக்க வேண்டும். "காப்பிக்கடையில சாப்பாட்டைக் கட்டி வாங்கிட்டுப் போறதுக்கு உங்க வீட்டுல என்ன சொல்வீங்க? தபாவா, புங்குஸா, பார்சலா, வேற ஏதாவதா?" என்று ஒருமுறை கேட்டோம். எங்கள் பக்கத்தில் அதுவரை வாய் திறக்காத அம்மாக்களும் தாத்தாக்களும் எழுதினார்கள். "பொட்டலம் கட்டுங்க" என்று ஒருவர். "எங்கம்மா இன்னும் 'கட்டிக் குடுங்க'ன்னுதான் சொல்வாங்க" என்று இன்னொருவர். மறுவாரம் வகுப்பில் அந்தப் பதில்களையே வைத்துப் பிறமொழிச் சொற்களைப் பற்றி ஒரு பாடம் நடத்தினேன். எழுதியவர்களின் பெயரை மறைத்துவிட்டுத்தான். மாணவர் படங்களுக்கும் இப்போது பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்குகிறோம். குழுப்படத்துக்குப் பதில் பெரும்பாலும் கைகளையும் புத்தகத்தையும் எடுக்கிறோம். சொல்லப்போனால் அந்தப் படங்கள்தான் அழகாக இருக்கின்றன.

விளைவு என்ன என்று கேட்பீர்கள். அற்புதம் எதுவும் நடக்கவில்லை. விருப்பக்குறிகள் முன்பைவிடக் குறைந்திருக்கின்றன. வகுப்பில் கட்டளை போடுவதை நிறுத்தியதும் அது இறங்கத்தான் செய்யும். கருத்துகள் கூடியிருக்கின்றன. கடந்த மூன்று கூட்டங்களுக்கும் பன்னிரண்டு பேருக்குக் குறையாமல் வந்தார்கள். பன்னிரண்டு என்பது சின்ன எண்தான். ஆனால் கதை பேச அது போதும். மூத்தவர் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அந்தப் பையன் வரவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "பரவால்ல டீச்சர்" என்றான். அடுத்த கதையின் பிரதியை அவன் அம்மா வழியாக அனுப்பியிருக்கிறேன். முடிவு எனக்கும் பிடிக்காத கதை. வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன்.

அடுத்த தமிழ்மொழி விழாவுக்கு முன் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளித் தமிழ் மன்றமோ, நீங்கள் தொண்டூழியம் செய்யும் அமைப்போ, கடைசியாகப் போட்ட பத்துப் பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு மை வேண்டாம், பென்சில் போதும். ஒவ்வொன்றிலும் மூன்றே கேள்வி. முதல் வரியில் படிப்பவர் இருக்கிறாரா, நாம் மட்டும் இருக்கிறோமா? இதைப் படித்தவர் பதில் சொல்ல ஏதாவது இருக்கிறதா? யாராவது எழுதியிருந்தால் அவருக்கு என்ன பதில் போனது? உயர்நிலை மூன்று, நான்கு மாணவர்களோடு சேர்ந்து இதைச் செய்தால் அது ஒரு நல்ல வகுப்புப் பயிற்சியும் ஆகும். ஒரு பழைய பதிவைக் கொடுத்து, முதல் இரண்டு வரியை மட்டும் மாற்றி எழுதச் சொல்லுங்கள். என் வகுப்பில் செய்தேன். "மாபெரும்" என்ற சொல்லைத்தான் அவர்கள் முதலில் அடித்தார்கள்.